பத்துக்குப் பத்து என்று நீ எழுதிய என் கால்

ஜெபா,

இந்தக் கடிதத்தை நீ மட்டும் அறையில் உட்கார்ந்து படித்துவிட்டு மடித்து வைத்துவிட வேண்டாம். முதலில் நீ படி. பிறகு உன்னோடு அந்த இல்லத்தில் தங்கிப் படிக்கிற நாற்பது பிள்ளைகளும் படிக்கட்டும். உங்கள் டீச்சரம்மாவும் படிக்கட்டும். அதற்காகத்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். போனில் என்றால் பாதியிலேயே வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். அது எனக்கு நன்றாக வரும்.

விஷயம் இதுதான். பெற்றோர்கள் வந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நீ என் காலைச் சோதித்துப் பார்த்து, உன் நோட்டில் வலது கால் பத்துக்குப் பத்து, இடது கால் பத்துக்குப் பத்து என்று எழுதினாய். அது தப்பு. உன்னுடைய தப்பு இல்லை. நான் உன்னை ஏமாற்றினேன். நீ தொட்ட இருபது இடங்களில் எனக்குத் தெரிந்தது இரண்டே இடம். மீதிப் பதினெட்டும் நான் ஊகித்துச் சொன்னது. வருகிற சனிக்கிழமை நீங்கள் எல்லாரும் ஏதோ ஒரு மலையடிவாரக் கிராமத்துக்குப் போய்ச் சர்க்கரை வியாதிக்காரர்களின் காலைப் பார்க்கப் போவதாகவும், மற்ற பிள்ளைகளுக்கு நீதான் செய்துகாட்டப் போவதாகவும் போன வாரம் போனில் சொன்னாய். "நல்ல காலுன்னா எப்படி இருக்கும்னு உங்க காலத்தாம்ப்பா அளவா மனசுல வச்சிருக்கேன்" என்றாய். அந்த அளவை வைத்துக்கொண்டு நீ யாருடைய காலையும் பார்க்கக் கூடாது. சனிக்கிழமைக்கு முன்னால் உன் கையில் சேர வேண்டும் என்று கூரியரில் போடுகிறேன்.

இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்க வேண்டும். இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை. கொஞ்ச நாளாகவே எனக்கு எல்லாம் இப்படித்தான் இருக்கிறது. யாரோ அடுத்த கடைக்காரனுக்கு நடந்ததைப் போல என் காரியத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அதனால் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணீர் ஏதும் எதிர்பார்க்காதே. சொல்ல வேண்டியது விட்டுப்போகாமல் இருந்தால் போதும்.

உன்னைச் சேர்க்க வந்த அன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். நர்சிங் பிள்ளைகள், பிசியோதெரபி பிள்ளைகள், லேப் படிப்புப் பிள்ளைகள் எல்லாரும் முதல் வருஷம் ஒரே கட்டடத்தில் தங்க வேண்டும், ஒன்றாகச் சாப்பிட வேண்டும், ஒருத்தர் பாடத்தை இன்னொருத்தரும் படிக்க வேண்டும், முறை வைத்துக் கூட்டிப் பெருக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னபோது, எனக்கு அது ஏதோ ஆசிரமம் போலப் பட்டது. ஆளுக்கொரு படிப்பு, ஆளுக்கொரு அறை என்று இருந்தால் என்ன என்று நினைத்தேன். நான் வியாபாரி. விதி என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு பக்கவாசலும் இருக்கும் என்றுதான் இத்தனை வருஷமும் பிழைத்திருக்கிறேன். அதனால் உனக்குத் தெரியாமல் இரண்டு பெட்டி மக்ரூன் வாங்கிக்கொண்டு போய் டீச்சரம்மாவின் மேசையில் வைத்து, பையன் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவன், தனி அறை ஏதாவது பார்த்துச் செய்யுங்கள் என்று சொன்னேன். அவர்கள் ரொம்ப சந்தோஷம் என்று பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். காரியம் முடிந்தது என்று நான் நினைத்தேன். அன்று சாயந்திரம் சாப்பாட்டுக்கூடத்தில் அந்த இரண்டு பெட்டியையும் பிரித்து, "ஜெபாவோட அப்பா எல்லாருக்கும் தூத்துக்குடியிலிருந்து கொண்டாந்திருக்காங்க" என்று ஆளுக்கு இரண்டாகக் கொடுத்துவிட்டார்கள். நீயும் சந்தோஷமாக வாங்கித் தின்றாய். உனக்கு நாலு பேர் இருக்கிற அறைதான் கிடைத்தது. என் வாழ்க்கையில் இத்தனை சுத்தமாக ஒரு பேரத்தில் தோற்றதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஊரில் யாரிடமும் நீ நர்சிங் சேர்ந்திருப்பதாக நான் சொல்லவில்லை. "மெடிக்கல் லைன்ல போட்டிருக்கேன்" என்று சொல்லிவைத்தேன். கேட்டவர்கள் டாக்டர் என்று எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். உன் அம்மா ஒருநாள் கோயிலில் வைத்து நாலு பேர் முன்னால், "அவன் நர்ஸுக்குப் படிக்கான்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து, உனக்கு என்ன அவசரம் என்று கேட்டேன். "இருபத்தெட்டு வருசமா பிள்ளையளுக்கு உண்மை பேசணும்னு சொல்லிக்குடுக்கேன். வீட்டுல மட்டும் எதுக்குப் பொய்" என்றாள். பள்ளிக்கூடத்து டீச்சரைக் கட்டினால் இதையெல்லாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சேர்ந்த மூன்றாவது வாரம் நீ போன் பண்ணினாய். குளியலறை கழுவுகிற முறை உனக்கு வந்திருந்தது. வார்டில் ஒரு பெரியவருக்குத் துடைத்துவிட்டு வந்து உனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அறையில் மூன்று பேரும் பேசுகிற தமிழ் உனக்கும், உன் தமிழ் அவர்களுக்கும் சிரிப்பாக இருந்தது. "அப்பா, நான் வந்துருதேன். கடையப் பாத்துக்கிடுதேன்" என்று அழுதாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "ஏலே, அங்கனயே கெட. இங்கன உனக்கு ஒரு வேலையும் இல்ல" என்று வைத்துவிட்டேன். நீ அதை என் கண்டிப்பு என்று நினைத்திருப்பாய். அம்மாவும் அப்படித்தான் நினைத்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கண்டிப்பெல்லாம் இல்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பவும் சங்கு அளக்க உட்கார்ந்தேன். மகன் அழுதானே என்று ஒரு கணக்கில் தெரிந்தது. உள்ளே ஒன்றும் அசையவில்லை. ஆனால் ஒன்றில் மட்டும் தெளிவாக இருந்தேன். நீ இந்தச் சங்குக் கொட்டகைக்குத் திரும்பி வரக் கூடாது.

அந்தக் கொட்டகைக்கு நான் எப்படி வந்தேன் என்று உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. ஏரல் பக்கத்திலிருந்து பதினேழு வயதில் தூத்துக்குடிக்கு வந்தேன். குளிகாரர்கள் கடலில் மூழ்கி எடுத்துவருகிற சங்கைக் குவித்துப்போட்டு, சதை அழுகியதும் கழுவி எடுக்கிற வேலை. அந்த நாற்றத்தோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட் காலியாகவே இருக்கும். செருப்பு இல்லை. உடைந்த சங்கு மேல்தான் நாள் முழுக்க நடை. முதல் இரண்டு வருஷம் காலில் புண் ஆறினதே இல்லை. அதற்கப்புறம் தோல் தடித்துவிட்டது. நானே சங்கு வாங்கி, அளவு பிரித்து, வளையல் அறுக்கிறதுக்குக் கல்கத்தாவுக்கு அனுப்புகிற ஆளாக ஆன பிறகும் கொட்டகைக்குள் செருப்புப் போடுவதில்லை. குளிகாரர்கள் கேலி பேசுவார்கள். அண்ணாச்சியின் காலைச் சங்கு அளக்கிற வளையத்தில் போட்டுப் பார்த்தால் முதல் தரத்தில் நிற்கும் என்பார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

இங்கேதான் நான் ஏமாந்தேன். சர்க்கரை வந்து எட்டு வருஷம் ஆகிறது. மாத்திரையை நினைத்தால் போடுவேன், மறந்தால் விடுவேன். அந்த எட்டு வருஷத்தில் காலில் சுள்ளென்பது குறைந்துகொண்டே வந்தது. வெயிலில் கொதிக்கிற சிமெண்டுத் தரையில் நான் நிற்பேன், மற்றவர்கள் குதிப்பார்கள். கால் உரமேறிவிட்டது என்று நினைத்தேன். வேறு தொழில் செய்கிறவனாக இருந்தால் முன்னாலேயே பயந்திருப்பான். சங்கு மிதித்துப் பிழைத்தவனுக்கு வலி இல்லை என்றால் அது லாபம்தானே.

நீ கிளம்பிப்போன மாதம் ஒருநாள் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். தெருமுக்கு டீக்கடைக்காரர் கூப்பிட்டு, "அண்ணாச்சி, ஒத்தச் செருப்போட எங்கன போறிய" என்றார். குனிந்து பார்த்தால் வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. பஸ்ஸிலா, ரோட்டிலா, எத்தனை தூரம் வெறுங்காலோடு வந்தேன், எதுவும் தெரியவில்லை. கடையில் இருந்த ரெண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குடிப்பழக்கம் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நான் சிரித்துவிட்டு, வார் அறுந்தது, தூக்கிப்போட்டுவிட்டேன் என்று சொன்னேன். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டரிடம் போகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. கொட்டகையிலும் வீட்டிலும் முன்னைவிடக் கூடுதலாக நடந்து காட்டினேன்.

அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. அம்மாவால் வர முடியவில்லை, நான் மட்டும் வந்தேன். பெற்றோரை அழைத்து, பிள்ளைகள் அதுவரை கற்றதை அவர்கள் மேலேயே செய்துபார்க்கிற நாள் என்று டீச்சரம்மா சொன்னார்கள். சாப்பாட்டுக்கூடத்து மேசைகளை ஒதுக்கி நாற்காலி வரிசை போட்டிருந்தார்கள். சில பிள்ளைகள் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், சிலர் நாடி பார்த்தார்கள். உனக்குக் கால் விழுந்தது. கைப்பிடியில் செருகின ஒரு நைலான் இழையை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாய். தூண்டில் நூல் மாதிரி இருக்கிறதே என்றேன். அதேதான் என்று சிரித்தாய். இழை வளைகிற வரை அழுத்த வேண்டும், உணர்ச்சி இருக்கிறவனுக்குத் தெரியும், இல்லாதவனுக்குத் தெரியாது என்று பாடமாகச் சொன்னாய். என் காலை எடுத்து உன் முழங்கால் மேல் வைத்தாய். நீ என் காலைத் தொட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கையுறை போட்டிருந்தாய். "அப்பா, கண்ண மூடிக்கிடுங்க. தொட்டது தெரிஞ்சா மட்டும் ஆமான்னு சொல்லுங்க" என்றாய்.

கண்ணை மூடினேன். எனக்குள் இரண்டே கணக்குத்தான் ஓடியது. இவனுக்குத் தெரிந்தால், அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குக் கிளம்ப இவனுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். வீட்டில் பெரிய காரியம் என்றால்தான் முதல் பருவத்தில் ஊருக்கு விடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெரிய காரியமாக என் கால் ஆகிவிடக் கூடாது. இது ஒன்று. இன்னொன்று அவ்வளவு நல்ல காரணம் இல்லை. கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். என் சரக்கில் சொத்தை இருக்கிறது என்று சபையில் காட்டி எனக்குப் பழக்கமில்லை.

எப்படி ஏமாற்றினேன் என்பதைக் கவனமாகப் படி. இதுதான் உனக்கு வேண்டியது. சின்ன வயதில் பள்ளி லீவுக்குக் கொட்டகைக்கு வந்தால் உனக்கு ஒரு வேலை கொடுப்பேன். இரும்பு வளையத்தைச் சங்கின் மேல் இறக்கிப் பார்ப்பது. வளையத்துக்குள் புகுந்துவிட்டால் அது சிறிசு, நின்றால் பெரிசு. வளையத்தை இறக்கும்போதெல்லாம் நீ மூச்சைப் பிடித்துக்கொள்வாய். நின்றதும் விடுவாய். உனக்கே அது தெரியாது. அன்றைக்கும் அப்படித்தான் செய்தாய். இழையை அழுத்தும்போது மூச்சு நின்றது. எடுத்ததும் வந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்த எனக்கு அது டிரெயின் சத்தம் மாதிரிக் கேட்டது. மூச்சு நின்றதும் ஒரு நொடி விட்டு ஆமா என்றேன். அதுவும் போக, நீ பெருவிரலில் ஆரம்பித்து ஓரமாக ஒரே வரிசையில் போனாய். மூன்றாவது இடத்திலேயே எனக்குத் தாளம் பிடிபட்டுவிட்டது. நடுவில் ஒருதடவை தொடாமலே "இப்ப தெரியுதா" என்று கேட்டாய். அது டீச்சரம்மா சொல்லிக்கொடுத்த கண்ணி. ஆனால் அப்போது நீ மூச்சைப் பிடிக்கவில்லை. நான் இல்லையே என்றேன். பக்கத்தில் நின்ற டீச்சரம்மா, "வெரி குட், ரொம்ப நிதானமா செய்யுற" என்று உன் தோளில் தட்டினார்கள். நீ பத்துக்குப் பத்து என்று எழுதினாய். உன் முகம் அப்படி ஒரு முகமாக இருந்தது. நான் கண்ணைத் திறந்ததும் பார்த்தது அதைத்தான்.

உன் அறைத்தோழனின் அப்பா அன்றைக்கு எனக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாரே, ஈரோட்டுப் பக்கத்து லாரி டிரைவர், அவரை நினைத்துக்கொள். அவர் பையன் இழையை வைத்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் இருந்தார். இன்னொரு இடத்தில் வைத்தான். பேசவில்லை. கடைசியில் கண்ணைத் திறந்து, "எனக்கு ஒண்ணுமே தெரியல கண்ணு, நீ தொடுறியா இல்லியா" என்று கூடத்துக்கே கேட்கும்படி கேட்டார். பையனுக்கு முகம் செத்துவிட்டது. டீச்சரம்மா வந்து பார்த்து, அவரைத் தனியாகக் கூட்டிப்போனார்கள். எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா. இப்படியா ஒரு மனுஷன் பொட்டணத்தைப் பிரித்துச் சொத்தையை மேலே எடுத்து வைப்பான் என்று. பிழைக்கத் தெரியாதவர் என்று நினைத்தேன். இப்போது அவர் டாக்டர் சொன்ன மாதிரிச் செருப்புப் போட்டுக்கொண்டு, ராத்திரி ஒருதடவை கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டு, லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று நீதான் சொன்னாய். அவருக்குக் காலில் ஒரு கீறல் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் நீ ஊருக்கு வருகிறேன் என்று சொல்லவே இல்லை. போன் பண்ணும்போதெல்லாம் அறைத்தோழர்கள் பேச்சு, பாடப் பேச்சு. பிசியோ படிக்கிற பையன் உனக்குத் தசைகளின் பெயர் சொல்லிக்கொடுத்தது, நீ லேப் பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது விடிய விடிய ஒத்தடம் போட்டது. ஒருநாள், "அப்பா, அன்னைக்கு உங்க கால்ல செஞ்சேன்லா, அப்பத்தான் இந்தப் படிப்பு எனக்கு ஒத்துவரும்னு தோணுச்சு" என்றாய். நான் ம் என்றேன். உன்னை அங்கே நிறுத்தியது என் பொய். அது நின்று வேலை செய்துகொண்டிருந்தது. ஓடுகிற வண்டியை யாராவது நிறுத்துவார்களா.

மூன்று வாரத்துக்கு முன்னால் தருவைகுளத்திலிருந்து அந்தோணி சங்கு கொண்டுவந்தான். உனக்கு அவனைத் தெரியும். பத்து வருஷமாக எனக்குத்தான் சங்கு போடுகிறான். விலை பேசிக்கொண்டு நிற்கிறோம். அவன் என் முகத்தைப் பார்க்காமல் தரையையே பார்க்கிறான். விலை பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்து நான் இன்னும் இறுக்கிப் பேசினேன்.

"அண்ணாச்சி, வெல கெடக்கட்டும். உடைஞ்ச சங்க மிதிச்சிட்டு நிக்கிய. ரத்தம் ஓடுது, வலிக்கலையா" என்றான்.

காலைத் தூக்கினால் விரலுக்குக் கீழே ஓட்டுச் சில்லு ஒன்று செருகியிருக்கிறது. அதைச் சுற்றி ஏற்கனவே வெளுத்து, வாடை வர ஆரம்பித்திருந்தது. அது அன்றைக்கு ஏறினது இல்லை, ஜெபா. நாலைந்து நாளாகக் காலுக்குள் அதை வைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன். கொட்டகை நாற்றத்தில் அந்த வாடை யாருக்கும் தெரியவில்லை. அந்தோணி சட்டென்று உட்கார்ந்து அதைப் பிடுங்கி எடுத்தான். நான் நின்று பார்த்தேன். சங்கிலிருந்து ஒரு புழுவை நோண்டி எடுக்கிறதைப் பார்க்கிற மாதிரித்தான் பார்த்தேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது அவன் கண்ணில்தான் பயம் இருந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். இரண்டு ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே, ஊசி. எலும்பு வரை போய்விட்டது என்கிறார்கள். வலது காலில் இரண்டாவது விரலை எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் என்று நாள் சொல்லியிருக்கிறார்கள். இப்போது எடுத்தால் ஒரு விரலோடு போகும், தள்ளிப்போட்டால் பாதம் போகும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அம்மா அழுதாள். நான், எத்தனை நாளில் நடக்கலாம் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, கல்கத்தாவுக்குப் போக வேண்டிய மூட்டைகளைப் பற்றிப் போனில் பேசினேன். பயம் வரும் என்று காத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். படிப்பு கெடும் என்றேன். அவளும் பிடிக்காமல் ஒத்துக்கொண்டாள். போன ஞாயிற்றுக்கிழமை நீ ஸ்பீக்கரில் அந்தச் சனிக்கிழமைக் கதையைச் சொன்னாயே, பத்துக்குப் பத்து வந்த என் கால்தான் அளவு என்று, அதை அவளும் கேட்டாள். நீ போனை வைத்த பிறகு என்னைப் பார்த்து, "அது என்ன பத்துக்குப் பத்து" என்று கேட்டாள். சொன்னேன். பிறகு, "நீங்க விரல இழந்தா அது உங்க விரலு. அவன் யாரோ ஒரு கூலிக்காரன் கால நல்ல காலுன்னு எழுதி அனுப்பினா, அந்த ஆளு எங்கன போவான்" என்றாள். எல்லாக் கேள்விக்கும் என்னிடம் ஒரு விலை இருக்கும், ஜெபா. இதற்கு இல்லை.

மறுநாள் அவளே கடைத்தெருவில் போய்த் தூண்டில் நூல் வாங்கிவந்தாள். பள்ளிக்கூடத்துத் துண்டை மடித்து என் கண்ணைக் கட்டினாள். பக்கத்தில் மிக்சியை ஓடவிட்டாள், நான் எதையும் கேட்டு ஊகிக்கக் கூடாது என்று. காலில் கட்டுப் போட்ட இடத்தை விட்டுவிட்டு, வரிசை இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்டாள். சத்தத்துக்குள்ளே நான் காத்துக்கொண்டிருந்தேன். தொடுகிறாளா, எழுந்துபோய் அடுப்படியில் இருக்கிறாளா என்றுகூடத் தெரியவில்லை. இடது உள்ளங்காலின் குழியில் இரண்டு தடவை ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்தது. சொன்னேன். வேறு எதுவும் இல்லை. மிக்சியை நிறுத்திவிட்டுத் துண்டை அவிழ்த்தாள். அவள் கண் சிவந்திருந்தது. முடிவை நோட்டுத் தாளில் எழுதி வைத்திருக்கிறாள், இதோடு இணைத்திருக்கிறேன். அது டாக்டர் கருவி இல்லை, கடை நூல்தான். ஆனால் இங்கே ஆஸ்பத்திரியில் உன் கருவி மாதிரியே ஒன்றை வைத்துப் பார்த்தபோதும் அதேதான் வந்தது.

இனி உனக்கும் உன் கூட்டாளிகளுக்கும் ஒரு வியாபாரியாக நான் சொல்வது. சனிக்கிழமை உங்கள் முன்னால் வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் உண்மை சொல்ல வரமாட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கால் கெட்டது என்று எழுதிவிட்டால் வேலைக்குச் சேர்க்க மாட்டான் என்று ஒருவன் பயப்படுவான். மருமகள் முன்னால் வியாதிக்காரி ஆக வேண்டாம் என்று ஒருத்தி நினைப்பாள். பக்கத்தில் நிற்கிற உங்களை ஏமாற்றத்தோடு போக விடக் கூடாது என்று, பாவம், உங்களுக்காகவே ஆமா என்று சொல்கிறவர்களும் உண்டு. நீ தொடுகிற நேரத்தை மாற்றிக்கொண்டே இரு. சில நேரம் அஞ்சு எண்ணிக்கை விட்டுத் தொடு. வரிசையாகப் போகாதே. தெரியுதா என்று நீ கேட்காதே, கேட்டால் அதுவே துப்பு. தெரிகிறபோது அவர்களாகச் சொல்லட்டும். உன் மூச்சை ஒரே சீராக விடு, இதை இப்போதிருந்தே பழகு. இன்னொன்று. சொத்தைச் சங்கு கொண்டுவருகிறவன்தான் ரொம்பப் பேசுவான், கடல் பேச்சு, ஊர்ப் பேச்சு, சிரிப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எவ்வளவு பேசினேன் என்று நினைத்துப் பார். தூண்டில் நூல் என்றேன், சாப்பாடு எப்படி என்றேன், டீச்சரம்மாவைச் சிரிக்கவைத்தேன். சிரிக்க வைக்கிறவன் காலை இன்னொரு தடவை பார்.

தோலையும் பார். என் காலை நல்ல கால் என்று நீ மனசில் வைத்திருக்கிறாயே, அந்த வறட்சியும் வெடிப்பும், முடி உதிர்ந்த முன்னங்காலும், வளைந்த விரலும் நல்ல காலுக்கு அடையாளம் இல்லையாம். இங்கே ஆஸ்பத்திரியில் ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னார்கள். எல்லாம் அன்றைக்கே உன் முழங்கால் மேல்தான் இருந்தது. நீ பார்த்திருப்பாய். அப்பா ஆமா என்று சொல்கிறாரே என்று பார்த்ததை விட்டுவிட்டுக் கேட்டதை எழுதிவிட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை. மகன் என்றால் அப்படித்தான் எழுதுவான். ஆனால் சனிக்கிழமை நீ மகனாகப் போகவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறாயா, சனிக்கிழமைக்குப் போகிறாயா என்பதை உன்னிடமே விட்டுவிடுகிறேன். இதில் நான் பேரம் பேசவில்லை. வந்தால் ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவுக்குத் துணையாக இருப்பாய். வரவில்லை என்றால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வந்துவிட்டு, படிப்பு வேண்டாம், கடையில் உட்காருகிறேன் என்று மட்டும் சொல்லாதே என்று எழுத வந்தேன். அதையும் எழுத எனக்கு உரிமை இல்லை. பொய் சொல்லி உன்னை அங்கே நிறுத்தியவன் நான். உண்மை தெரிந்த பிறகும் அந்த இல்லம் உனக்கு வேண்டுமா என்று நீயே யோசித்துக்கொள். வேண்டும் என்றால் இந்தமுறை அது உன் முடிவாக இருக்கும். நீ அங்கே நர்ஸுக்குப் படிக்கிறாய் என்று இன்று காலையில் அந்தோணியிடம் சொன்னேன். விரலுக்குக் கட்டுப் போட ஆள் கிடைத்துவிட்டது என்றான்.

கடைசியாக அந்த நோட்டு. நேற்று ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பிள்ளை, உன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள், என் தாளில் வலது என்று எழுத வேண்டிய இடத்தில் இடது என்று எழுதிவிட்டாள். தப்பு என்று தெரிந்ததும் நான், வெள்ளை மை வைத்து அழித்துவிடு தாயீ என்றேன். "அழிக்கக் கூடாது அங்கிள். என்ன எழுதியிருந்தோம்னு பிறகு பாக்குறவங்களுக்குத் தெரியணும்" என்றாள். அதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் வலது என்று எழுதி, தேதி போட்டு, தன் பெயரை எழுதினாள். நீயும் உன் நோட்டை அப்படித்தான் திருத்த வேண்டும். பக்கத்தைக் கிழிக்காதே, எனக்காக எதையும் மறைக்காதே. அந்தப் பத்து கோட்டுக்குக் கீழே தெரியட்டும், பக்கத்தில் அம்மா எழுதியதை எழுது, உன் பெயரைப் போடு.

அப்பா